பயத்துக்கு ஒரு ரொட்டி

எங்கள் அத்லிஸ்கோ ஊரில் யாராவது பயந்துவிட்டால் முதலில் ஒரு பன்ரொட்டியைக் கையில் திணிப்போம். பூமி அதிர்ந்தாலும் ரொட்டி, நாய் துரத்தினாலும் ரொட்டி. பயம் வெறும் வயிற்றில் இறங்கினால் சர்க்கரை நோய் வரும் என்பது இங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அப்படிப்பட்ட ஊரில் ரொட்டி சுடுகிறவனையே கட்டிக்கொண்டவள் என் பக்கத்து வீட்டு எர்லிந்தா.

அவளுடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே பெருத்தான். சிங்கக்குட்டி என்று தெருவே மெச்சியது. ஒன்பதாம் மாதம் அசைவு நின்றுபோனது. அழாமலே பிறந்தான். அவளுக்குச் சர்க்கரை ஏறியிருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை நர்ஸ் ரெமெடியோஸ் ஆறாம் மாதமே சொல்லிவிட்டாள். "சர்க்கரை கூடுதலா இருக்கும்மா. உன் ரத்தத்துல ஏறுறது புள்ளைக்கும் போவுது. அடக்கி வச்சா ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க." விரலில் குத்திப் பார்க்க ஒரு கருவியும் தந்தாள்.

எர்லிந்தா நடுங்கிப்போனாள். புருஷன் அபுந்தியோ அடுப்புச் சூட்டோடு ரொட்டி கொண்டுவந்தான். "பயந்திருக்கே புள்ள. தின்னு." அப்புறம் தினமும் அதுவே வழக்கமானது.

அடுத்த தடவை நானும் துணைக்குப் போனபோது நர்ஸ் குடைந்து குடைந்து கேட்டாள்.

"இனிப்பு தொடலைங்கிற. அப்புறம் எப்படி ஏறுது? வேற ஒண்ணுமே திங்கலியா?"

"பயத்துக்கு ரொட்டி மட்டுந்தான். அது மருந்துதானே, சாப்பாடா?"

"என்ன பயம்?"

"சர்க்கரை ஏறுதேங்கிற பயம்."

"அந்த ரொட்டிதாம்மா ஏத்துது."

எனக்குச் சிரிப்பு வந்தது. எர்லிந்தாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"மொதப் புள்ளைக்கும் தின்னேனே அக்கா," என்று வழியெல்லாம் அழுதாள்.

"தெரியாமத் தின்னே. வேணும்னேவா தின்னே? கண்ணைத் தொடைடி."

அன்றிலிருந்து ரொட்டிக்காரன் வீட்டில் ரொட்டி இல்லை. வதக்கிய சப்பாத்திக்கள்ளி, பீன்ஸ், அளவாகச் சோள அடை. பயம் வந்தால் நடப்பாள், துணைக்கு நானும் நடப்பேன். அதுவும் போதாதபோது இன்சுலின் போட்டுக்கொண்டாள். அபுந்தியோ வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிடுவான், ரொட்டி வாசனை அவளைக் கூப்பிடக் கூடாதாம். அந்த முரட்டு மனுஷன்மேல் எனக்கு அன்றுதான் பிரியம் வந்தது.

பிரசவ அறைக்கு வெளியே நானும் அவனும் நின்றோம். உள்ளே வெகுநேரம் சத்தமே இல்லை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அழுகை கேட்டது, விடாத அழுகை.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பொண்ணு. அளவான எடை. குதிகால்ல குத்திச் சர்க்கரை பாத்தோம், அந்தக் கோவந்தான். நல்லா இருக்கா."

அபுந்தியோ சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். நான் உள்ளே போய் எர்லிந்தாவிடம் சொன்னேன். "உன் புருஷன் ரொம்பப் பயந்துட்டான்டி."

"அப்ப அவருக்கு ஒரு ரொட்டி வாங்கிக் குடுங்கக்கா."

பிள்ளை இன்னும் வீறிட்டுக்கொண்டிருந்தது. தட்டிக்கொடுக்கக் குனிந்தேன். எர்லிந்தா என் கையைத் தடுத்தாள்.

"கொஞ்ச நேரம் அழட்டும் அக்கா. நான் கேட்டுக்கிறேன்."