குழல் முனையில் சந்தனப் பொட்டு

என்னிடம் இருக்கும் துப்பாக்கிகளால் நான் ஒரு காக்கையைக்கூடக் கொன்றதில்லை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. நம்புகிறவர்களும் மதிப்பதில்லை. "அப்பறம் எதுக்குங்க அது?" என்று கேட்டுவிட்டு என் மனைவியைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

எல்லாமே காற்றுத் துப்பாக்கிகள். பேர்போன பழைய துப்பாக்கிகளை அச்சு அசலாகப் பார்த்துச் செய்த நகல்கள். கைத்துப்பாக்கிகளில் சிலவற்றின் பிடிக்குள் சோடாவுக்கு ஏற்றுகிற வாயுவை அடைத்த குட்டி உருளை ஒன்று உட்கார்ந்திருக்கும். ரைஃபிள்களில் ஸ்பிரிங். வெளியே வருவது மிளகளவு ஈயக் குண்டு. இந்தச் சக்திக்கு உரிமம் வேண்டாம் என்றாலும், பெட்டியில் போட்டுப் பூட்டித்தான் வெளியே எடுத்துப் போவேன். பார்க்கிறவர்களுக்கு அது நகல் என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

எனக்குக் கணபதிப் பக்கம் லேத் பட்டறை. பம்புசெட்டுக்கு உருப்படி கடைந்து கொடுப்பது தொழில். தலைமயிர் அளவு கூடினாலும் குறைந்தாலும் உருப்படி திரும்பி வந்துவிடும். அப்படியே பழகிய கண்ணும் கையும், முதன்முதலாக ஒரு நகல் கைத்துப்பாக்கியைத் தூக்கியபோது திகைத்துப்போயின. எடை அசலின் எடை. ஒவ்வொரு முறை சுடும்போதும் மேல்மூடி பின்னால் போய் முன்னால் வந்தது. பொத்தானை அமுக்கினால் குண்டு அடைத்த கூடு உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு விழுந்தது. எங்கும் ஓர் உரசல் இல்லை. விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை நேர்த்தியா? செய்தவன் எந்த ஊர்க்காரனோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

"பேரன் எடுக்கற வயசுல பொம்ம வாங்கியாராருங்க" என்று மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். சொல்லிவிட்டு அவளே வாரம் ஒருமுறை தூசி துடைப்பாள்.

சுடுவதற்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் அவள் பங்குக்கு வந்த தென்னந்தோப்பு இருக்கிறது. தேங்காய் போட்டு வைக்கிற சாளைக் கொட்டகையை ஒட்டிப் பத்து மீட்டர் ஒதுக்கி, எதிரே தேங்காய் நார்க்கழிவு திணித்த சாக்குகளை ஆளுயரம் அடுக்கியிருக்கிறேன். குண்டு அதற்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், "மயிலு வந்து தக்காளிய ஒண்ணுமில்லாம பண்ணுதுங்க, ரெண்டச் சுட்டுப்போட்டுப் போங்க" என்று வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து கூப்பிடுவார். எனக்குச் சுர்ரென்று வரும். அட்டையும் கொட்டாங்குச்சியும்தான் என் எதிரிகள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு ஏறாது. மலையோரம் என்பதால் யானை இறங்குகிற நேரத்துக்கு முன்பே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

இது இப்படியே நடந்துகொண்டிருந்தபோதுதான் மனைவிக்கு வலது கண் போயிற்று.

கண்ணுக்குள் புகை மாதிரி ஏதோ மிதக்கிறது என்று கோடையில் சொன்னாள். விழித்திரை விலகியிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் அந்தக் கண் இப்போது சொல்லும். இடது கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, பழகிக்கொள்ளலாம் என்று டாக்டர் தைரியம் சொல்லி அனுப்பினார். ஆனால் ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அருகில் இருப்பது எட்டவும், எட்ட இருப்பது அருகிலும் தெரியும். காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். அதையெல்லாம் சிரித்துச் சமாளித்தாள்.

சமாளிக்க முடியாமல் போனது ஆடி நோன்பி விருந்தில். கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் சாப்பிட வந்திருந்தார். எங்கள் ஜனத்தில் விருந்தாளிக்கு வீட்டுக்காரி தன் கையால் பரிமாறி, "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கோங்க" என்று ஒரு தடவையாவது வற்புறுத்தினால்தான் சாப்பாடு. என் மனைவி அதில் பேர் வாங்கினவள். அன்று கொதிக்கிற ரசத்தைக் கரண்டியில் மொண்டு, இலையைத் தாண்டி அண்ணன் மடியில் ஊற்றிவிட்டாள். அவர் துள்ளி எழுந்தார். தொடை சிவந்துவிட்டது. "ஒண்ணுமில்ல அம்மணி, சூடு ஆறிப்போச்சு" என்று என் வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டார். மனுஷர் வாய்தான் நீளம், மனசு தங்கம்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. விருந்தாளி வந்தால் சமைத்துவிட்டு உள்ளேயே இருந்துகொள்வாள். நான் பரிமாறுவேன். நான் பரிமாறினால் சாம்பார் இலைக்கு வரும், காய் குண்டாவிலேயே நின்றுவிடும். யாராவது "அம்மணி எங்கீங்க, காணம்?" என்று கேட்டால் தலைவலி என்பேன். வீட்டுக்குள் அவள் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. கண் போனதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கரண்டியோடு அவள் தன்னையும் கீழே வைத்துவிட்டாள் என்று தெரிந்தது, எடுத்துக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஆயுத பூசை வந்தது. பட்டறையில் லேத்து, டிரில்லிங் மிஷின், ஸ்பேனர், அளவுகோல் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் என் துப்பாக்கிகளையும் வரிசையாக வைப்பது வழக்கம். மச்சான் தன் தறிக்குப் பூசை முடித்துவிட்டு எங்கள் பூசைக்கு வந்து, அன்று இரவும் எங்களோடு தங்குவார். பக்தி அதிகம், நிதானம் குறைவு. ஒரு மார்கழியில் என் ரைஃபிள் ஒன்றுக்கு, கேட்காமலே, தேங்காயெண்ணெய் விட்டுவைத்தார். மலையடிவாரக் குளிரில் எண்ணெய் நெய்யாக உறைந்து, விரல் வைத்து இழுக்கிற குதிரை அசையவே இல்லை. இந்த முறை, "நீங்க தேங்காயப் பாருங் மாப்ள, நான் பொட்டு வெக்கறேன்" என்று சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

பூசைக்கு வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று எடுத்து, பேருக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். அதையும் வீட்டுக்காரிதான் தொடங்கிவைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. லேத்தின் சுவிட்சை அவள்தான் போடுவாள். தோப்பில் முதல் குண்டையும் அவள்தான் சுடுவாள். குறி பார்த்துப் பார்த்து, கடைசியில் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு சுடுவாள். குண்டு நார்ச் சாக்கில் பட்டாலே சாமி புண்ணியம்.

அன்று காலையில், "நீங்களும் அண்ணனும் போய்ச் சுட்டுப்போட்டு வாங்க" என்றாள்.

"ஊட்டுக்காரி தொடாத ஆயுதத்த நான் தொடமாட்டன். வருஷம் முச்சூடும் பூட்டியே கெடக்கட்டும்" என்று கத்தினேன். எனக்குக் கோபத்தைத் தவிர வேறு மருந்து தெரியாது.

"உங்ககூட மல்லுக்கட்ட முடியாதுங்க" என்று வண்டியில் ஏறினாள்.

தோப்பில் பெட்டியைத் திறந்து, அவள் வழக்கமாகச் சுடுகிற ரைஃபிளை எடுத்தேன். பழைய போர்க்காலத் துப்பாக்கி ஒன்றின் நகல், மரக்கட்டை போட்டது. தூக்கிக் குறி பார்த்தவன் அப்படியே நின்றேன். குழல் முனையில் குறி பார்ப்பதற்கென்று ஒரு சிறிய கறுப்பு முள் நிற்கும். மச்சான் சரியாக அதன் முதுகில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார். காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது.

"மச்சான், குறி பாக்கற எடத்துலயாங்க பொட்டு வெப்பீங்க?"

"பொட்ட நெத்தியில வெக்காம பின்னே கால்லயா வெப்பாங்க மாப்ள?" என்றார் அவர்.

துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். மனைவி தடுத்தாள். "சாமிக்கு வெச்சதுங்க. ஒரு குண்டு சுட்டதுக்கப்பறம் தொடைங்க" என்று ரைஃபிளைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

நார்ச் சாக்குகளுக்கு முன்னால் ஒரு கொட்டாங்குச்சி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் குண்டு போட்டுக் கொடுத்ததும், பழக்கப்படி ரைஃபிளை வலது தோளில் வைத்தாள். கட்டையில் கன்னத்தை வைத்தால் குறிக்குப் பின்னால் வருவது வலது கண்தான். அந்தக் கண்ணில் என்ன இருக்கிறது? இறக்கிவிட்டாள்.

"ஏம்புள்ள, நாங்க எல்லாரும் ஒரு கண்ண மூடிட்டுத்தான சுடறோம்?" என்றேன்.

"நீங்க வேணும்னு மூடறீங்க. மறுக்காத் தொறந்துக்குவீங்க" என்றாள்.

"உடு அம்மணி, மாப்ள சுடட்டும்" என்று மச்சான் மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் அவள் ரைஃபிளை இடது தோளுக்கு மாற்றினாள்.

அவள் பிறவியில் இடதுகைக்காரி. சின்ன வயதில் இடது கையால் சோற்றை அள்ளுவாளாம். அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டுச் சாப்பிட உட்கார வைப்பார்களாம். கட்டுகிற வேலை அண்ணனுக்கு. இதை அவரே எங்கள் கல்யாணத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். நான் பார்த்த நாளிலிருந்து அவள் எல்லாவற்றையும் வலது கையால்தான் செய்கிறாள். டம்ளர் தவறி விழுந்தால் மட்டும், பிடிக்க முதலில் பாய்வது இடது கையாக இருக்கும்.

"அம்மணி, அது பூசை போட்ட சாமான். பீச்சாங்கையில..." என்று மச்சான் ஆரம்பித்தார்.

அவள் காதில் வாங்கவில்லை. கன்னம் மரத்தில் பதிந்தது. முழங்கை தானாக உள்ளே ஒடுங்கியது. எனக்கு எத்தனையோ நாள் பழகியும் வராத அடக்கம் அது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"பொட்டு தெரியுதுங்க" என்றாள். "முந்தியெல்லாம் அந்த முள்ளு எங்க இருக்குதுன்னே தெரியாது. கறுப்போட கறுப்பா இருக்கும். இப்ப மஞ்சளா, நடுவுல செவப்பா நிக்குது."

மூச்சை விட்டாள். பாதியில் நிறுத்தினாள். விரல் அசைந்ததை நான் பார்க்கவில்லை. கொட்டாங்குச்சி டொக்கென்று துள்ளிச் சுழன்றது.

குருட்டாம்போக்கில் பட்டதாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் கையை நீட்டினாள். குண்டு போட்டுக் கொடுத்தேன். இன்னும் ஆடிக்கொண்டிருந்த கொட்டாங்குச்சியை, அது நிற்கட்டும் என்று காத்திருக்காமல், சுட்டாள். மறுபடி டொக். கொட்டாங்குச்சியை அவிழ்த்துவிட்டு, குண்டு டப்பாவின் மூடியைக் கட்டினேன். அந்த மூடியை நான் அடித்த நாட்களைவிட விட்ட நாட்கள்தான் அதிகம். அவள் அடித்தாள். தகரம் கணீரென்றது.

இத்தனை காலம் நகல்களைத் தடவித் தடவி, என்ன வேலைப்பாடு, என்ன துல்லியம் என்று மலைத்துப்போயிருக்கிறேன். அசல் அதிசயம் தினமும் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. துண்டால் கட்டி, மறந்து, வேறு கைக்குப் பழக்கி, எல்லாம் ஆன பிறகும் அந்தக் கை ஒன்றையும் மறக்கவில்லை. கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டால் திட்டுவாள் என்று சும்மா நின்றேன்.

"எத்தன நேரம் வாயப் பொளந்துட்டு நிப்பீங்க? பசிக்கலீங்களா?" என்றாள்.

சோறு, குழம்பு, பொரியல், ரசம் எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தோம். சாளைக்குள் இலை போட்டு மச்சான் உட்கார்ந்தார். நான் வழக்கம்போலக் கரண்டியைத் தேடினேன். அது அவள் கையில் இருந்தது. முதல் சோற்றையும் குழம்பையும் வலது கையால், கரண்டியை இலையில் தொட்டுத் தொட்டு, மெல்லப் பரிமாறினாள். கொஞ்சம் சிந்தியது. யாரும் பார்க்காத மாதிரி இருந்தோம். அடுத்து ரசம். மச்சான் மறுசோறு வாங்கி, நடுவில் விரலால் ஒரு குழி பண்ணிவிட்டுக் காத்திருந்தார். அவருடைய இடது கை, தன்னையறியாமல், மடியில் கிடந்த துண்டை இழுத்துத் தொடையை மூடியது. அதை அவளும் பார்த்தாள்.

ஒரு கணம் நின்றாள். பிறகு ரசச் சட்டியை வலது கைக்கும், கரண்டியை இடது கைக்கும் மாற்றினாள்.

எங்கள் பக்கத்தில் இடது கையால் இலையில் பரிமாறினால், சாப்பிடுகிறவர் பாதியில் எழுந்து போனாலும் குற்றமில்லை. மச்சான் அவள் கையைப் பார்த்தார். தான் கட்டின கை. வாயைத் திறந்தார்.

"பத்து மீட்டர்ல தப்பாத கைங்ணா" என்றாள் அவள்.

ரசம் குழிக்குள் இறங்கியது. ஓரத்துப் பருக்கைகூட நனையவில்லை. மச்சான் இலையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சோற்றைப் பிசையாமலே, குழியை விரலால் இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார். தொடையின் மேல் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து கண்ணு" என்றார்.