வளரும் கவிஞருக்கு ஒரு பக்கம்

தொகுப்பாசிரியர் அண்ணாச்சி, என் பெயரில் ஒரு பொய்யை அச்சடித்தவர் நீங்கள்தான்.

எனக்கு நாற்பத்தேழு வயது. கல்லூரி ஆய்வகத்தில் சோதனைக்குழாய் கழுவும் வேலை. வருடாவருடம் வரும் உங்கள் புதுக்கவிதைத் தொகுப்பில் நான் இன்னும் 'வளரும் கவிஞர்' பகுதியில்தான் இருக்கிறேன். எவ்வளவு உயரம் வளர்ந்தால் போதும் என்று நீங்கள் சொன்னதே இல்லை.

சேரன்மகாதேவியில் எங்கள் தெருச் சாக்கடை, படித்துறையை ஒட்டி ஆற்றில் விழுகிறது. குளித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சொறி. பேரூராட்சி அதிகாரியிடம் மனு கொடுத்து அலுத்த தெருப்பெண்கள்தான் என்னைப் பிடித்தார்கள். "ஏட்டி, நீ கவிதைதான எழுதுத? இதை எழுது. புஸ்தகத்துல வந்தாலாவது அந்த அதிகாரி கண்ணுல படட்டும்."

எழுதினேன். இருபத்தெட்டு வரி. முதல் பாதியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரியும், மீன் வந்து கடிக்கும். எல்லாம் இன்று நடப்பதுபோல எழுதியிருந்தேன். பதினைந்தாம் வரியில்தான் இது முப்பது வருடத்துக்கு முந்தைய ஆறு என்று வரும். அதற்குப் பிறகு சாக்கடை, சொறி, மனு. தெருவில் வாசித்துக் காட்டினேன். ஒருத்தி அழுதாள்.

வெளியீட்டு விழா திருநெல்வேலியில். வளரும் கவிஞர்கள் ஆளுக்குப் பத்துப் பேரையாவது அழைத்து வந்து நாற்காலியை நிரப்ப வேண்டும் என்பது உங்கள் வழக்கம். தெருப்பெண்கள் ஒன்பது பேரைப் பஸ்ஸில் கூட்டிவந்தேன். சிறப்பு விருந்தினர் யார் என்று பார்த்தால், எங்கள் மனுக்களை வாங்கி அடுக்கிய அதே அதிகாரி. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

அவர் புத்தகத்தைப் பிரித்து என் கவிதையை வாசித்தார். பதினாலாம் வரியில் நிறுத்தினார். அவர் மேல் தப்பில்லை, புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது. "ஆத்தங்கரையில குடியிருக்கிற அம்மாவே தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குன்னு எழுதியிருக்காங்க. குறை சொல்றவங்க இதைப் படிக்கணும்" என்றார். மண்டபம் கை தட்டியது. எனக்குச் சால்வை போட்டீர்கள்.

ஒன்பது பெண்களில் ஒருத்திகூடக் கை தட்டவில்லை. பஸ்ஸில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "சாக்கடையை எங்கன கொண்டுபோய் ஒளிச்ச? சால்வைக்காகவா மாத்துன?" வெட்டியது நானில்லை என்றேன். "பொறவு யாரு, ஆத்து மீனா?" என்றாள்.

மறுநாள் உங்களுக்குப் போன் செய்தேன். "யம்மா, வளரும் கவிஞருக்கு ஒரு பக்கந்தான். மூத்தவங்களுக்கு நாலு. முதல் பாதியே முழுசாத்தான இருக்கு? பின்பாதியில நாத்தம் ஜாஸ்தி" என்றீர்கள்.

"நாத்தத்தைப் பத்தித்தான் எழுதினேன், அண்ணாச்சி."

"அழகியல்னு ஒண்ணு இருக்குல்லா?"

இருக்கிறது. நாலு பக்கம் பெற்ற மூத்த கவிஞர் ஒருவர் மூன்று வரி எழுதி, மீதிப் பக்கங்களை வெள்ளையாக விட்டிருக்கிறார். மௌனமாம். அந்த மௌனத்தில் ஒரு பக்கம் கொடுத்திருந்தால் எங்கள் சாக்கடைக்கு இடம் கிடைத்திருக்கும்.

போன வாரம் பெண்கள் மறுபடி மனு கொண்டுபோனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அலுவலகத்தில் உங்கள் தொகுப்பை எடுத்துக் காட்டி, "உங்க தெரு ஆளே இப்படி எழுதியிருக்காங்களே" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது நான் படித்துறையில் இறங்கினால் பேச்சு நின்றுவிடுகிறது. பிறந்து வளர்ந்த தெரு அது.

அடுத்த தொகுப்பில் திருத்தம் போடுகிறேன் என்று எனக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். வேண்டாம். அதற்குள் இன்னொரு வருடச் சாக்கடை ஆற்றில் கலந்துவிடும். நீங்கள் நடத்தும் இந்த மாதக் கவிதைக் கூட்டத்துக்கு அந்த ஒன்பது பேரும் வந்தாலும் வராவிட்டாலும் நான் முன்வரிசையில் இருப்பேன். அந்த அதிகாரியையும் கூப்பிடுங்கள். மைக்கைப் பிடித்து மீதிப் பதினாலு வரியை உங்கள் வாயால் வாசியுங்கள். வாசித்துவிட்டு எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: யாரைக் கேட்டு வெட்டினீர்கள்?