நைனாவை எழுந்திருக்கச் சொன்னார்கள்

எங்கள் வீட்டில் நாற்காலி செய்யத் தொடங்கியவர் என் கொள்ளுத்தாத்தா. அவருக்குப் பிறகு தாத்தா, நைனா, இப்போது அண்ணனும் நானும். பூவரச மரத்தை அறுப்பதும் இழைப்பதும் ஆண்கள். பிரம்பு பின்னி பாலிஷ் போடுவது நான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை எங்கள் ஊரை நெருங்கிக்கொண்டிருந்த காலம். புதிதாக ஓர் இரும்புத் தொழிற்சாலை வருகிறது என்று பள்ளிக்கூட மைதானத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். முந்தின நாள் கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"பெரிய ஆபீசருங்க வராங்க. பிளாஸ்டிக் சேர் நல்லாருக்காது. உங்க மரச் சேர் பத்து குடுங்க, நானே கொண்டாந்து உட்டுர்றேன்."

ஒரு கல்யாண வீட்டுக்காகச் செய்து முடித்தவை. ஆனாலும் ஊர்க் காரியம் என்று நைனா கொடுத்துவிட்டார்.

மறுநாள் மேடையில் அதிகாரிகளுக்கு ஏழு நாற்காலிகள். கீழே மூன்று காலியாகக் கிடந்தன. எங்களுக்குத் தார்ப்பாய். வருஷக்கணக்கில் குந்தி வேலை செய்த நைனாவுக்கு முழங்கால் மடங்காது. காலி நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தார். முந்தின நாள் எங்கள் வீட்டில் டீ குடித்த அதே ஆள் ஓடிவந்தார்.

"யோவ், எழுந்திரு! இது ஆபீசருங்களுக்குப் போட்டது."

நைனா பதறி எழுந்தார். "தெரியாம உக்காந்துட்டேன் சார்."

தன் கையால் செய்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார்! இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

நான் அந்த ஆளின் முன்னால் போய் நின்றேன். "இது யார் ஊட்டு சேரு? நேத்து கெஞ்சிக்கினு வந்து நீதான வாங்கினு போன?"

"கலாட்டா பண்ணாதம்மா."

"நைனா உக்காரக் கூடாதுன்னா யாரும் உக்கார வேணாம்."

காலி நாற்காலிகளை அண்ணன் தூக்கினான். நான் மேடையேறிப் பெரிய அதிகாரியிடம், "எழுந்திருங்க சார், இது எங்களுது" என்றேன். அவர் எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். "உடும்மா, உடு" என்று நைனா மட்டும் என் பின்னாலேயே வந்தார்.

நின்றபடியே கால் மணி நேரத்தில் கூட்டத்தை முடித்துவிட்டுப் போனார்கள். தொழிற்சாலையால் ஊர் ஏரித் தண்ணீர் கெடுமா என்று கேட்டவர்களுக்குப் பதிலே இல்லை. தகவல் உரிமைச் சட்டம் அப்போது புதிது. மனுப் போட்டு அந்தக் கூட்டத்தின் அறிக்கையை வாங்கினேன். 'பொதுமக்கள் அனைவருக்கும் இருக்கை வசதி செய்யப்பட்டது. ஆட்சேபம் எதுவுமில்லை' என்று டைப் அடித்திருந்தது.

தொழிற்சாலை வந்தது. அதன் கரி, ஈரம் காயாத பாலிஷில் படிகிறது. ஒரே நாற்காலியை இரண்டு முறை தேய்க்கிறேன்.

"நீ சேரைத் தூக்காம இருந்திருந்தா அந்த ஆபீசர் உக்காந்து பதில் சொல்லியிருப்பான்" என்று ஊரில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் இன்னும் அதிகமாக வருகிறது. ஆட்சேபம் இல்லை என்று எழுத வந்தவனை, பத்து நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தால் மட்டும் வேறு மாதிரி எழுதியிருப்பானா?