அரிசிக்கு ரெண்டு சட்டம்

எங்கள் அம்மா அரிசி கடத்தினவள். சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அரிசி கிடைக்கும். இந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில், எங்களுக்கு ரேஷன்தான். ஊர்ப் பெண்கள் அரிசியைத் துணியில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு, மாசமானவர்கள் மாதிரி இடுப்பில் கையூன்றி செக்போஸ்டைத் தாண்டுவார்கள். அம்மா அதில் பலே கெட்டிக்காரி. இங்கே இல்லாதது அங்கே உண்டு என்று அடித்துச் சொல்லுவாள்.

அப்படிப்பட்ட வீட்டில் என் அக்கா நிஜமாகவே மாசமானாள். ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை. அந்தப் பிரசவத்திலேயே இதயக் கோளாறு தெரிந்துவிட்டது. நெய்யாற்றின்கரை டாக்டர் பார்த்துவிட்டு, “இனி ஒரு பேறு இவ தாங்கமாட்டா. கலைக்கணும். எனக்கு இங்க செய்ய ஒக்காது, சட்டம் உண்டு. திருவனந்தபுரம் பெரிய ஆசுபத்திரியில போய்க் கேளுங்க” என்றார். கருவைக் கலைப்பது குற்றமாக இருந்த நாட்கள். அதை அனுமதிக்கும் சட்டம் பிற்பாடுதான் வந்தது.

சட்டம் என்றதுமே அம்மா மிரண்டுவிட்டாள். “பெரிய ஆசுபத்திரின்னா பெரிய போலீசாக்கும். அரிசிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சட்டம் உண்டுல்லா மக்கா? இதுக்கும் அந்தப் பக்கம் வேற சட்டமாட்டு இருக்கும்” என்றாள்.

“டாக்டர் சொன்ன எடத்துக்கே போவோமே அம்மா, எனக்குப் பயமாட்டு இருக்கு” என்றாள் அக்கா. யார் கேட்டது! அத்தான் அம்பூரியில் ரப்பர் வெட்டப் போயிருந்தார். அக்காவின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

எல்லைக்கு அப்பால் ஒரு மருத்துவச்சி வீடு. என்ன செய்தாளோ, எங்களை உள்ளே விடவில்லை. வெளியே வந்த அக்காவின் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. கீழே நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பழைய துணிகளை மடித்து மடித்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டி, கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தோம்.

செக்போஸ்டில் போலீஸ்காரன் மறித்தான். அக்காவின் வயிற்றைப் பார்த்துச் சிரித்தான்.

“எத்ர கிலோ உண்டு? அழிக்கெடீ!” என்று கட்டை அவிழ்க்கச் சொன்னான்.

எந்தப் போலீசுக்கும் பதில் வைத்திருக்கும் அம்மா அன்று துணி முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான்தான் கத்தினேன். “பாவி, அரிசியில்லலே, ரெத்தம்! ரெத்தம்லே அது!”

அவன் பதறிப்போய் அவனே ஒரு வண்டியை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டான். நெய்யாற்றின்கரை சேருமுன் அக்கா போய்விட்டாள்.

அன்று என் இடுப்பில் இருந்த குழந்தை இன்று நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல். போன வாரம்தான் அவளிடம் முழுதும் சொன்னேன்.

“சித்தி, அந்தப் பழைய சட்டத்துலயும் தாயோட உயிரைக் காப்பாத்த நல்லெண்ணத்துல செய்தா குற்றமில்ல. ரெண்டு பக்கமும் அதே சட்டந்தான்.”

“அப்போ திருவனந்தபுரத்துல செய்திருப்பாவளா?”

“கேட்டாவது பார்த்திருக்கலாம், சித்தி.”

அம்மா சாகும்வரை ஒன்றையேதான் சொல்லிப் புலம்பினாள்: “இன்னும் கொஞ்சம் அங்கோட்டுப் போயிருந்தா நல்ல கைக்காரி கிட்டியிருப்பா.”

மருத்துவச்சியிடம் போன அன்று காலை முதலில் வந்தது திருவனந்தபுரம் பஸ்தான். எங்கள் முன்னால் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொன்னார். அக்கா படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.