வெள்ளிக்கிழமைப் பருப்பு

பாரிசில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஃபொபூர் சேன்-தெனியில் ஒரு பலசரக்குக் கடை. நகருக்கு வெளியே கூசேன்வில்லில் ஓடு முதற்கொண்டு என் கையால் மாற்றிய வீடு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, விசா, பேப்பர் ஒன்றும் இல்லாமல் வந்து இறங்கியவன் செய்த வேலை இவ்வளவும். இதற்கு மேலே ஒன்று உண்டு. லா சப்பல் மெட்ரோ பாலத்தடியில் படுத்துக் கிடக்கிற அரபு, சூடான் பெடியளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் கொடுக்கிற பருப்புச் சோறு. எங்கள் மாதா கோயில் சபை அதைப்பற்றி இப்போது ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறது. அதில் ‘பங்கு மக்களால் தொடங்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறார்கள். பங்கு மக்களாம், கோயில் சனமாம்! அந்தப் பருப்பு எங்கேயிருந்து வந்தது என்று நான் சொல்லுறன், கேளுங்கோ.

குவைத்தில் நான் கட்டட வேலை செய்த கம்பனி ஒரு கோடையில் இழுத்து மூடப்பட்டது. முகாமில் நாற்பது பேர் மிஞ்சினோம். கரண்ட் இல்லை, பாஸ்போர்ட் கையில் இல்லை. தண்ணீர்த் தாங்கியைத் தொட்டால் கை பொசுங்கும்.

எங்கள் மேஸ்திரி ஓர் எகிப்துக்காரன். மணிக்கட்டின் உள்பக்கம் சின்னச் சிலுவை பச்சை குத்தியிருப்பான். அந்த நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குச் சிறு வயதிலேயே குத்திவிடுவார்களாம். அவனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. எங்களை மறந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை பிக்கப்பில் ஒரு மூட்டைப் பருப்போடு வந்து நின்றான். அங்கே லீவு வெள்ளிதான். ஞாயிறுப் பூசையே வெள்ளியில்தான் நடக்கும். பூசை முடிந்த கையோடு வந்திருந்தான்.

“ஏன் பருப்பு? இறைச்சி இல்லையோ?” என்று கேட்டேன்.

“இஞ்சை இந்து இருக்கிறான், முஸ்லிம் இருக்கிறான். எனக்கு வெள்ளி நோன்பு. பருப்பெண்டால் எல்லாரும் ஒரு சட்டியிலை சாப்பிடலாம்” என்று தன் அரபியில் சொன்னான்.

பின்னேரம்வரை வாயில் ஒன்றும் வைக்கமாட்டான், அது அவனுடைய நேர்த்திக்கடன். அதனால் கிண்டுவது அவன், உப்புப் பார்ப்பது நான். முதல் நாள் பசியில் உப்புப் பார்க்கிற சாட்டில் ஐந்து அகப்பை குடித்துவிட்டேன்.

“உப்பின்ரை தகப்பனே, இன்னும் சரிவரேல்லையோ?” என்றான். முகாமே சிரித்தது. அந்தக் கோடையில் நாங்கள் சிரித்த முதல் சிரிப்பு.

மூன்று மாதம் ஒரு வெள்ளி தவறவில்லை. ஒருநாள் மணல்காற்று. பிக்கப் வராது என்று படுத்துவிட்டோம். அவன் நடந்து வந்தான், மூட்டை தோளில், கண் இரண்டும் கோவைப்பழம். அந்த நடை இப்பவும் எனக்கு முன்னாலே வருகிறது. பிறகு பாஸ்போர்ட் கிடைத்தது, ஆளுக்கொரு திசையாய்ப் போனோம். அவனை மறுபடி நான் காணவில்லை.

பாரிசில் கடை திறந்த நாள் முதல் வெள்ளி மத்தியானம் கடைச் சட்டரை இழுத்துப் பூட்டிவிடுவேன்.

“என்ன அண்ணை, வெள்ளியிலை பூட்டுறியள், பள்ளிவாசலுக்கோ?” என்று பக்கத்துக் கடைக்காரர் நக்கலடித்தார்.

“ஓம், நீரும் வாரும். சட்டி பாரம்.”

வந்து ஒரு பக்கம் பிடித்தார், பாவம். பாலத்தடியில் நின்று அரபியில் கூப்பிட்டேன். போர்வைக்குள்ளிருந்து தலைகள் எழும்பின.

கோயில் சனம் சேர்ந்தது பல வருசம் கழித்துத்தான். நல்ல சனம். என் முழங்கால் தேய்ந்துபோன பிறகு சட்டி தூக்குவது அவர்கள்தான், அதை மறுக்கேல்லை. புத்தகம் எழுதுகிற பிள்ளையிடம் போய், என் பேர் ஏன் இல்லை என்று கேட்டேன்.

“அங்கிள், ஒருத்தற்றை பேரும் போடுறேல்லையெண்டு முடிவு. இது கடவுளின்ரை வேலையெல்லோ?”

“கடவுளோ பிள்ளை வெங்காயம் வெட்டினவர்?”

வீட்டில் மனுசி விட்டாளா? “உங்கடை பேர் இல்லாட்டிப் பருப்பு அவியாதோ?”

அவியும். ஆனால் அந்த எகிப்துக்காரனைத் தெரிந்தவன் இந்தப் பாரிசில் நான் ஒருவன்தான். நான் கண்ணை மூடினால் அவனும் போய்விடுவான். ஆகையால், சபையாரே, அச்சுக்குப் போக முதல் ‘பங்கு மக்களால்’ என்ற அந்த வரியை வெட்டுங்கோ. குவைத்தில் மூட்டை சுமந்தவன் ஓர் எகிப்துக்காரன் என்று எழுதுங்கோ. லா சப்பலில் முதல் சட்டி வைத்தவன் நான் என்றும் எழுதுங்கோ. என் பேரை முழுதாக, பெரிய எழுத்தில் போடுங்கோ.