கேட்டைத் தாண்டிய கையுறை

போன வாரம் ஈப்போவில் ஒரு மருந்துக் கடையில் கையுறை வாங்கினேன். ஒரு பெட்டி. உள்ளே நூறு கையுறைகள். விலை எண்பத்தொன்பது மலேசிய வெள்ளி.

மெல்பர்னில் இருக்கும் என் மகளிடம் போனில் கேட்டேன். அதே பெயர், அதே பச்சைப் பெட்டி. அங்கே சூப்பர்மார்க்கெட்டில் பாதி விலைதானாம்!

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க ஒரு ஐரோப்பியப் பெயர். பின்பக்கம், அடியில், எறும்பு சைஸ் எழுத்தில் — மலேசியாவில் தயாரிக்கப்பட்டது. அதற்கும் கீழே தொழிற்சாலையின் பெயர்.

அந்தத் தொழிற்சாலை எங்கே இருக்கிறது தெரியுமா? கடையிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். என் தங்கை சரசு பதினெட்டு வருடமாக அங்கேதான் வேலை செய்கிறாள். அவளுக்காகத்தான் இந்தப் பெட்டியே.

கல்லாவில் இருந்த பெண்ணிடம் சத்தம் போட்டேன்.

“இங்க செய்யிற சாமானுக்கு இங்க ஏம்மா இந்த விலை?”

“இது இம்போர்ட் ஐட்டம், அங்கிள்.”

“எங்கேருந்து இம்போர்ட்? அந்தாண்ட செம்பனைக் காட்டுலேருந்தா?”

சிரித்துவிட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். “அந்த ஃபேக்டரி வெளிநாட்டுக்கு மட்டும்தான் செய்யுது அங்கிள். இங்க விக்கக் கூடாது. சரக்கு நேரா கப்பல்ல போயிரும். பிராண்ட்காரன் தன்னோட கொடௌன்ல வெப்பான். அப்பறம் இங்க உள்ள ஏஜென்ட் அவன்கிட்ட ஆர்டர் பண்ணணும். திரும்ப கப்பல் கூலி, ஏஜென்ட் லாபம், எங்க லாபம்… எல்லாம் ஏறும்லா.”

அதாவது — பொருள் ஒருமுறை ஊரை விட்டுப் போக வேண்டும். போய்த் திரும்பி வந்தால்தான் அதற்கு மதிப்பு.

செத்தவர் போய்த் திரும்பி வந்தால் அதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. அதை இங்கே எழுதவில்லை.

சரசுவுக்கு உரிக்கிற வேலை. அச்சில் சூட்டோடு வரும் கையுறைகளைக் கண் இமைப்பதற்குள் ஒன்று என்று உரித்தெடுக்க வேண்டும். இப்போது அவள் கைத்தோலே உரிகிறது. விரல் இடுக்கில் ரத்தம். கம்பெனி கொடுக்கும் சாதாரணக் கையுறையில் உள்ள மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அந்த மருந்து இல்லாத கையுறை போடு என்றார் டாக்டர். அந்த வகை, அவளுக்கு அடுத்த லைனில் ஓடுகிறது. ஆனால் ஒன்றைத் தொடக்கூடாது. எல்லாம் எண்ணிக்கை.

மாதக் கடைசிக்குள் கை ஆற வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று ஆபீஸில் லெட்டர் கொடுத்துவிட்டார்கள். வயது ஐம்பத்தொன்று. புருஷன் இல்லை. கடைசி மகள் இன்னும் காலேஜில். இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

பெட்டியை நேரில் கொடுக்கப் போனேன். ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, நடுவில் தொழிற்சாலை. கேட்டுக்கு எதிரே காரை நிறுத்தினேன். பகல் மூன்று மணி, வெயில் கொளுத்துகிறது.

சங்கு ஊதியது. பெண்கள் வெளியே வந்தார்கள். தொப்பி, முகமூடி — கண் மட்டும்தான் தெரிந்தது. கேட்டை நெருங்கியதும் ஒவ்வொருத்தியும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, விரலை விரித்து நின்றாள். யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் பேசவுமில்லை. கையுறை எதையும் மாட்டிக்கொண்டு போகவில்லை என்று காட்ட வேண்டுமாம்.

நூறு, இருநூறு கைகள். வேர்வையில் ஊறி வெளுத்த கைகள். காற்று அடிக்கவில்லை… ஆனால் விரல்கள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

இதில் என் தங்கையின் கை எது? கூடப் பிறந்த எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், காரை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று இருந்தது. சரசுவே வந்து கார் கண்ணாடியைத் தட்டினாள்; பெட்டியைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை சரசு அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். வேலை முடிந்து கேட்டில் அவள் பையைத் திறந்து பார்த்தார் காவலுக்கு நிற்கும் ஜாகா. மிச்சம் நாலு ஜோடி உள்ளே இருந்தது.

“எங்க எடுத்தே?”

“எங்கண்ணன் கடையில வாங்கிக் குடுத்துச்சு.”

“இத எவனாச்சும் காசு குடுத்து வாங்குவானா? வேற கதை சொல்லு, சரசு.”

திருட்டுப் பட்டம்! பதினெட்டு வருட வேலைக்கு.

பில்லை நான் எப்போதோ கசக்கிப் போட்டிருந்தேன். மறுநாள் ஈப்போவுக்கு ஓடி, அந்த மருந்துக் கடைப் பெண்ணைக் கெஞ்சி, இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு, சரசுவிடமிருந்த பெட்டியோடு ஆபீஸுக்குப் போனேன். அதிகாரி நம் தமிழ்ப் பையன்தான். பில்லைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தான்.

“எண்பத்தொம்பதா? அண்ணே, இது எங்களுக்கு…” என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டான். “சரி, திருட்டு இல்ல. ஆனா இனிமே அக்கா இத உள்ள கொண்டாரக் கூடாது. வெளிப் பொருளுக்கு லைன்ல அனுமதி இல்ல.”

“வெளிப் பொருளா? உங்க ஃபேக்டரி பேரு போட்டிருக்கே, தம்பி! கண்ணு தெரியலையா?”

“கேட்டத் தாண்டிப் போயிருச்சுன்னா அது எங்களோடது இல்லண்ணே.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சுடுகாட்டுக்குப் போய் வந்தவனை வாசலில் நிறுத்திக் கால் கழுவச் சொல்வார்களே, அந்தக் குரல்.

வெளியே சரசு நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை. “கார் பூட்டைத் தொறங்கண்ணே” என்று ஒரு நீளப் பொட்டலத்தை டிக்கியில் வைத்தாள். “கோயிலுக்குப் போலாம்.”

தோட்டத்து மாரியம்மன் கோவில் தொழிற்சாலையின் பின்வேலியை ஒட்டி இன்னும் இருக்கிறது. தோட்டத்தை விற்றபோது அதை மட்டும் யாரும் விலைக்குக் கேட்கவில்லை. கண் வலி என்றால் தகட்டில் செய்த கண், கால் வலி என்றால் கால் — அம்மனுக்கு நேர்ந்துகொண்டு போடுவோமே, உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் அன்று கண்டதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கோவிலுக்குப் பின்னால் மண்ணிலிருந்து கைகள் முளைத்திருந்தன.

வெள்ளைப் பீங்கான் கைகள். இந்தக் கைகளைத்தான் ரப்பர் பாலில் முக்கிக் கையுறை செய்வது. கீறல் விழுந்தால் குப்பை. கை புண்ணான பெண்கள் அதைக் குப்பை லாரிக்காரனிடம் கேட்டு வாங்கி வந்து, மணிக்கட்டு வரை மண்ணில் புதைத்து, உள்ளங்கையில் குங்குமம் வைத்திருக்கிறார்கள். முப்பது நாற்பது இருக்கும். விரல்கள் வானத்தைப் பார்த்தபடி, ஒரே அளவில், ஒரே வரிசையில்.

சரசு ஒவ்வொன்றாகக் காட்டினாள். “இது லெட்சுமி அக்கா கை. இது பாகான் செராய்லேருந்து வந்துட்டிருந்த பிலோமினா. சர்ச்சுக்குப் போறவதான், இருந்தாலும் வெச்சா.”

“இவங்களுக்கெல்லாம் கை ஆறிருச்சா?”

“எல்லாருக்கும் ஆறிருச்சு.”

“அப்பறம் என்ன? ஆத்தா கேட்டுட்டாள்ல?”

“வேலைய விட்டதும் ஆறிருச்சுண்ணே.”

சரசு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே கட்டைவிரலில் கீறல் விழுந்த ஒரு கை. மண்ணைத் தோண்டி நட்டாள். பிறகு பச்சைப் பெட்டியிலிருந்து ஒரு கையுறையை எடுத்து அதற்கு மாட்டினாள்.

ஒரு சுருக்கம் இல்லை. விரல் விரலாக, நகம் நகமாக ஒட்டிக்கொண்டது. கடல் தாண்டிப் போய் வந்த ரப்பருக்குத் தான் பிறந்த இடம் மறக்கவில்லை போலிருக்கிறது.

“நாளைக்கு லெட்டர் குடுத்துர்றேன்” என்றாள். “அவனுங்க போகச் சொல்றதுக்கு முந்தி நானே போயிர்றேன்லா.”

“மகள் படிப்பு?”

“கை ஆறட்டும். அப்பறம் இந்தக் கையால ஏதாச்சும் செய்வேன்.”

திரும்பினேன். செய்தித்தாளில் சுற்றிய நீளப் பொட்டலங்களோடு இரண்டு பெண்கள் நாங்கள் நகர்வதற்காகக் காத்திருந்தார்கள்.

ஒருத்திக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.