மத்திகிரியில் ‘ச்சீ’ வைத்தியம்

கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடம்பில் ஓடுகிறது என்று சொல்லி, கண்ணுக்குத் தெரிகிற ஊசியைக் குத்துவதுதான் அக்குபங்சர்காரர் பிழைப்பு. ஓடுவது உயிர்ச்சக்தி. சீனர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ச்சீ’. ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் அசெம்பிளி லைனில் நின்றுகொண்டிருந்த நான், என் தோள்வலி ஊசியில் குறைந்த சந்தோஷத்தில் அந்த வைத்தியத்தையே படித்து, மத்திகிரியில் ஒரு முன்னறையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்தேன். இதே தொழிலில் அல்லாடும் சகோதர சகோதரிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

முதல் ஆள்

முதலில் வந்தவர் ஆட்டோ ஓட்டும் நாகராஜ். கழுத்து திரும்பவில்லை. எனக்கோ படித்ததை எல்லாம் அன்றைக்கே கொட்டிவிடும் வேகம். சுவரில் மாட்டியிருந்த படத்தில் சக்தி ஓடும் பாதைகளை விரலால் தொட்டுக் காட்டி, “உங்க தோள்பட்டையில ச்சீ தேங்கி நிக்குதுங்க, அண்ணா. அதான் வலி” என்றேன்.

மனிதர் முகம் சுருங்கிவிட்டது. சட்டைக் காலரை மோந்து பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “குளிச்சிட்டுத்தான் மேடம் வந்தேன்.”

குவாலிட்டிக்காரர்

மஞ்சுநாத் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ். முழங்கை வலி. சரியான இடத்தில் ஊசி இறங்கினால் அங்கே கனத்து, மரத்து, உள்ளே யாரோ இழுப்பது போலிருக்கும். ச்சீ வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்பார்கள். முதன்முதலாக என் விரலுக்கே அந்த இழுப்பு தெரிந்தது அவர் கையில்தான். தூண்டிலில் மீன் கடித்த மாதிரி இருந்தது.

“வருதா சார், வருதா?” என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: “வருது மேடம். டாலரன்ஸ் எவ்வளவு, எதுவரைக்கும் விடலாம்னு சொல்லுங்க, பாஸா ரிஜெக்டான்னு சொல்லிடறேன்.”

சீனாவிலிருந்தே

மெஷின் பொருத்த வந்த சீன எஞ்சினியருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சூப்பர்வைசர் ஒருவர் போன் செய்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அறையைக் கழுவித் துடைத்தேன். புது விரிப்புப் போட்டேன். ச்சீ பிறந்த ஊர்க்காரர் ஆயிற்றே.

வந்தவரிடம் கை கூப்பி, “ச்சீ” என்றேன். மனிதர் முகம் மலர்ந்தது. போனை எடுத்து அவர் பாஷையில் நீளமாகப் பேசினார். பரம்பரை ரகசியம் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். போன் அதைத் தமிழாக்கிச் சொன்னது: “எனக்கு ஊசி என்றால் பயம். தைலம் மட்டும் தடவுங்கள்.”

பஷீர் பாய்

பஷீர் பாய் ஆட்டு வியாபாரி. மூட்டுவலிக்கு என்னிடம் வழக்கமாக வருபவர். ஒருநாள் குந்தாரப்பள்ளிச் சந்தையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தார். நெஞ்சை அழுத்துகிறது, இடது கை கனக்கிறது என்றார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. “ச்சீ அடைச்சிருக்கும்மா. ஒரு ஊசி போட்டு விடு” என்றார்.

நெஞ்சடைப்புக்கு என்று நாங்கள் படித்த புள்ளி மணிக்கட்டில் இருக்கிறது. என் கை ஊசி டப்பாவுக்குப் போய்விட்டது. நாடி பிடித்தேன். விட்டு விட்டு அடித்தது. டப்பாவை மூடிவிட்டு, “பாய், இது என் கையில இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்” என்றேன். “நம்பி வந்தவனை விரட்டறியே” என்று கோபித்துக்கொண்டார். தெருவில் ஓடி ஒரு ஆட்டோவை மறித்து, கதவைப் பூட்டி, அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனேன். ரத்தக்குழாய் அடைப்பு. கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கஷ்டம் என்றார் டாக்டர்.

வார்டுக்கு மாற்றியபின் பார்க்கப் போனேன். கோபம் தீர்ந்திருக்குமோ இல்லையோ என்று தயங்கி நின்றேன். பாய் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினார். பிடித்தேன். மூன்று விரலுக்கடியிலும் நாடி திடமாக, ஒரே சீராக அடித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாய் கேட்டார்: “அடைப்பை அவங்க எடுத்துட்டாங்க. ச்சீ ஓடுதான்னு நீதானம்மா சொல்லணும்?”

ச்சீ ஓடுவதை இதுவரை யாருக்கும் என்னால் காட்ட முடியவில்லை என்றாலும், அது நின்றுவிடும் போலிருந்தால் ஓடவேண்டியது நான்தான் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.